அப்பத்தாவின் ஓமம்

வேடசந்தூரில் எங்கள் அப்பத்தாவுக்கு எல்லா வயிற்றுக்கும் ஒரே மருந்துதான். "ஓமத்தைக் கொதிக்க வச்சுக் குடு தாயி, பூச்சியெல்லாம் ஓடிப்போகும்!"

அது வெறும் பேச்சில்லை, சகோதரிகளே. ஓம எண்ணெயில் உள்ள தைமால்தான் 1900-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் கொக்கிப்புழுவுக்கு மருந்து. 1914-ல் யுத்தம் வரும்வரை நம் ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த் தைமாலாயிற்று.

ஆனால் முரட்டு மருந்து. பட்டினி போட்டு, பேதி உப்பும் கொடுத்துத்தான் தந்தார்கள். கூடவே எண்ணெய்ப் பலகாரம் தின்றால் மருந்து ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து. இது தெரியாமல், மகள் வெளுத்துப்போய் மண்ணைத் தின்றபோது, சீசாவில் விற்கும் ஓம எண்ணெயைச் சொட்டு விடப் பார்த்தேன். நர்ஸம்மா தடுத்தார். "கஷாயம் வேற, எண்ணெய் வேறம்மா."

மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு. அது ரத்தம் குடித்ததால் சோகை. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், சோகைக்கு இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை போதுமாம், பொடித்துத் தரவேண்டும். 2015-ல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலேயே இலவசம்.

இந்தப் புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறுகிறது. மகளுக்கும் அப்பத்தாவுக்கும் செருப்பு வாங்கினேன். அப்பத்தா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிறார்!