கிழங்கிலிருந்து ஒரு இதய மருந்து

உங்கள் குஜராத்தி அண்டை வீட்டார் கர்மர் ஊறுகாய் தந்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆத்தூர், சேலம் பக்கத்து விவசாயிகள் மருந்துக்கூர்க்கன் என்று பயிரிடும் செடியின் வேர்தான் அது.

மும்பையின் முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தார் 1970களில் இந்த வேரிலிருந்து ஃபார்ஸ்கோலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்தபோது இதயம் வலுவாகச் சுருங்கியது. ரத்த அழுத்தமோ இறங்கியது. அதுவரை இதயத்துக்குப் பலம் தரும் தாவர மருந்து என்றாலே டிஜிட்டாலிஸ்தான். அது செல்லின் சோடியம் பம்பைத் தடுத்து வேலை செய்யும். ஃபார்ஸ்கோலின் அந்தப் பம்பைத் தொடுவதே இல்லை.

பின் எப்படி? 1981இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை இது நேராகவே முடுக்கிவிடுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது. தவளையின் இதயச் செல்களுக்கு இதைக் கொடுத்து மின்முனை வைத்து அளந்தபோது, கால்சியம் மின்னோட்டம் பல மடங்கு உயர்ந்திருந்தது. சுருக்கத்துக்கு வலு தருவது அந்தக் கால்சியம்தான். இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சும் வேகம் பிடிக்கிறது. அளவு மிஞ்சினால் லயம் தப்பும் அபாயமும் உண்டு.

ஃபார்ஸ்கோலினின் நீரில் கரையும் வடிவம் ஒன்று, திடீர் இதயச் செயலிழப்புக்கு ஜப்பானில் ஊசி மருந்தானது. நம் நாட்டிலோ ஃபார்ஸ்கோலினை எடை குறைக்கும் மாத்திரையாக விற்கிறார்கள்! இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.