புதுப்பிப்புக்குப் பின் தொடங்க மறுக்கும் லினக்ஸ் கணினி

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினி, மென்பொருள் புதுப்பிப்பு முடிந்து மறுபடியும் இயக்கப்படும்போது திரையில் சில வரிகளைக் காட்டிவிட்டு நின்றுபோனால், கோப்புகள் யாவும் அழிந்துவிட்டனவோ என்று பயனர் அஞ்சுவது இயல்பு. பெரும்பாலும் வட்டிலுள்ள தரவுக்கு எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது. தொடக்க வரிசையின் ஏதோ ஒரு கட்டம் மட்டுமே தடைப்பட்டிருக்கும். அது எந்தக் கட்டம் என்று அறியாமல் அவசரப்பட்டு இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதால்தான் பலர் தம் கோப்புகளை உண்மையிலேயே இழக்கின்றனர்.

கணினியின் தாய்ப்பலகையில் பதிந்துள்ள யூஈஎஃப்ஐ என்னும் நிலைபொருள் முதலில் இயங்கி, க்ரப் எனப்படும் தொடக்க நிரலை அழைக்கிறது. க்ரப், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலையும் அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சுருக்கப்பட்ட கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. வட்டிலுள்ள முதன்மைக் கோப்பு முறைமை இணைக்கப்பட்ட பின், பெரும்பாலான வழங்கல்களில், சிஸ்டம்டி என்னும் நிரல் ஏனைய சேவைகளைத் தொடங்குகிறது. ஆகவே க்ரப்பின் பட்டியலே தோன்றாத கணினியில் கெர்னலைக் குறைகூறுவதில் பொருளில்லை. பட்டியல் தோன்றி, அதற்குப் பின் நிற்கும் கணினியில் யூஈஎஃப்ஐ அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண்வேலையே.

இவற்றுள் அதிகம் பழுதாவதும், பயனர் குறைவாக அறிந்திருப்பதும் இனிட்ராம்எஃப்எஸ்தான். வட்டைப் படிக்கத் தேவையான இயக்கி நிரல்கள் அந்த வட்டிலேயே இருக்குமானால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகும் என்பதால், அவற்றைத் தனியே தொகுத்துக் கெர்னலின் கையில் முன்கூட்டியே கொடுப்பதற்காகவே இக்கோப்பு உருவாக்கப்படுகிறது. முழு வட்டும் மறையாக்கம் செய்யப்பட்ட கணினிகளில், கெர்னலும் இக்கோப்பும் 'பூட்' என்னும் சிறிய தனிப் பகிர்வில் வைக்கப்படுவது வழக்கம். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பும் அங்கே புதிய இணை ஒன்றைச் சேர்ப்பதால், பழையவை நீக்கப்படாவிட்டால் இடம் தீர்ந்து, புதிய இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுவிடுகிறது அல்லது உருவாகாமலே போகிறது. அடுத்த முறை க்ரப் புதிய கெர்னலையே தேர்ந்தெடுக்க, அது முதன்மைக் கோப்பு முறைமையைக் காணாமல், 'கெர்னல் பேனிக்' என்ற அறிவிப்புடன் நின்றுவிடுகிறது. அவ்வரியின் இறுதியில் காணப்படும் 0,0 என்னும் எண்கள் வட்டு கெட்டுவிட்டதைக் குறிப்பவை அல்ல. எந்த வட்டில் தேடுவது என்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அவை உணர்த்துகின்றன.

இத்தகைய நிலையை எதிர்பார்த்தே லினக்ஸ் வழங்கல்கள் பழைய கெர்னலை விட்டுவைக்கின்றன; ஃபெடோரா இயல்பாக 3 கெர்னல்களைக் காக்கிறது. உபுண்டுவில், கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையையோ, பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசையையோ அழுத்தினால் தோன்றும் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்வழி உள்ளே நுழைந்ததும், தற்போது இயங்கும் கெர்னலைத் தவிர்த்து, தேவையற்ற பழையவற்றைத் தொகுப்பு மேலாண்மை நிரலின் மூலமாகவே நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்க வேண்டும். அப்பணிக்கு டெபியன் குடும்பத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் என்னும் கட்டளையும், ஃபெடோராவில் டிராகட் என்னும் கட்டளையும் உள்ளன. எந்தக் கெர்னலும் இயங்காதபோது, யூஎஸ்பியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, வட்டின் பகிர்வுகளை இணைத்து, சிஎச்ரூட் என்னும் கட்டளையால் பழுதான இயங்குதளத்துக்குள் நுழைந்து இதே பணிகளைச் செய்யலாம்.

பட்டியல் தோன்றுவதற்கு முன்பே நேரும் தடைகள் வேறு வகையின. செக்யூர் பூட் என்பது கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு; அதற்கும் க்ரப்புக்கும் இடையில் ஷிம் என்னும் சிறு நிரல் இணைப்பாக நிற்கிறது. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறையை அடைக்க வெளியான திருத்தத்தால் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் கணினிகள் பல தொடங்காமல் நின்றபோது, பழுது ஷிம்மில்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய ஷிம்மை ஏற்கக் கூடாது என்ற விதியைப் பதித்துவிட்டதால், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற அறிவிப்புடன் தடுக்கப்பட்டது. அப்போது பயன்பட்ட வழி, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று மோக்யூடில் என்னும் கருவியால் அவ்விதியை நீக்கி, கணினியை ஒருமுறை மீண்டும் லினக்ஸிலேயே தொடங்கிய பின், செக்யூர் பூட்டை மறுபடியும் இயக்கிவிடுவதாகும்.