துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் கார்... மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. கூரையை மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம். சுவிட்சைத் தட்டினால் தூங்கி எழுந்ததுபோல நிமிரும் முகப்பு விளக்குகள். விலை 1,200 பவுண்டு. விளம்பரத்தின் கடைசி வரியில் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு: ‘கொஞ்சம் வெல்டிங் வேலை இருக்கிறது.’

பிரிட்டனில் பழைய கார் விற்கும் விளம்பரங்களைப் புரட்டினால் இப்படி ஒன்று கண்ணில் படாமல் போகாது. அது பெரும்பாலும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காராகத்தான் இருக்கும். நல்ல மின்சார சைக்கிள் ஒன்றின் விலைக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? முதல் சம்பளம் வாங்கிய இளைஞருக்கும் ஆசை வரும். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, பழைய கனவைத் தூசி தட்டும் ஐம்பது வயதுக்காரருக்கும் வரும்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தச் சுமைகூலி எவ்வளவு என்று தெரியாமல் சுண்டைக்காயைத் தொடக் கூடாது. இந்தக் காரில் சுமைகூலியின் பெயர் துரு.

ஏன் இத்தனை பேருக்கு இதன்மேல் ஆசை?

கூரையில்லாத, எடை குறைந்த, இரண்டு பேர் மட்டும் போகும் கார்கள் 1960-களில் பிரிட்டனின் பெருமை. எம்ஜி, டிரையம்ஃப், லோட்டஸ் எலான் என்று அழகழகாக வந்தன. ஓட்டுவதற்குச் சுகம். ஆனால், ஆயில் ஒழுகும். மழை நாளில் ஸ்டார்ட் ஆவதற்கு அடம்பிடிக்கும். எழுபதுகளின் முடிவில் அந்த வகைக் கார்களே அருகிப்போயின. 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்க கார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, ‘அப்படி ஒரு காரை நீங்கள் ஏன் செய்யக் கூடாது?’ என்று கேட்டுவைத்தார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்து நின்றது. பிரிட்டன்காரர்களின் அழகு, ஜப்பான்காரர்களின் நம்பகத்தன்மை. 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற கின்னஸ் சாதனையும் இதற்குத்தான்.

1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. வேகத்தில் இன்றைய சாதாரண குடும்பக் கார்கள்கூட இதை முந்திவிடும். ஆனால், வளைவில் திருப்பும்போது கார் உடம்போடு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும் என்பார்கள் ஓட்டியவர்கள். ‘ஜின்பா இட்டாய்’ என்பது இதை உருவாக்கியவர்கள் வைத்துக்கொண்ட தாரக மந்திரம். குதிரையும் அதில் ஏறியவரும் ஒன்றாவது என்று பொருள்.

இவ்வளவு கார்கள் சாலையில் இருந்ததால்தான் பழையவை மலிவாகக் கிடைக்கின்றன. இன்ஜின் கெட்டி. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் லட்சம் மைல் தாண்டியும் ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று டேப்பெட் சத்தம் வந்தால்கூடப் பதற வேண்டியதில்லை. இந்தக் காரைக் கொல்வது இன்ஜின் அல்ல, இரும்பு.

உப்பைத் தின்ற கார்

குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க பிரிட்டனில் லாரி லாரியாகக் கல் உப்பைக் கொட்டுகிறார்கள். செஷர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டில் இதற்கு உப்புத் தரும், 1844-ல் தொடங்கிய பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதில் உப்பும் கலந்தால் தண்ணீரில் மின்னோட்டம் சுலபமாகப் பாய்ந்து, துரு பல மடங்கு வேகமாகப் பரவும். கடற்கரையோர வீட்டின் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் தேவை. அதனால்தான் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளம் கிளம்புகிறது. பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்கு இரும்பு போயிருக்கலாம். ஏனென்றால், இந்தக் கார் வெளியிலிருந்து உள்ளே துருப்பிடிப்பதில்லை. உள்ளிருந்து வெளியே வருகிறது.

காரணம் ஒரு சின்ன ஓட்டை. துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வடிகால் துளைகள் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிறுத்திய காரில் இலையும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதிக்குள் தேங்கும். இதைத்தான் ‘சில்’ என்கிறார்கள். நம் ஊர் டிங்கர்களுக்கு இது ரன்னிங் போர்டு பகுதி.

கூரையுள்ள காரில் மேலே இருக்கும் இரும்பும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். கூரையில்லாத காரில் அந்த உதவி கிடையாது. முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுக்குத்தான். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே வருவதற்கும் இடையில் நிற்கும் இரும்பும் இதுதான். ஆகவே, சில் துருப்பிடித்த எம்எக்ஸ்-5 என்பது அழகு குறைந்த கார் அல்ல, முதுகெலும்பு அரித்த கார். ‘பார்க்க அசிங்கமா இருந்தா என்ன, ஓடினா போதும்’ என்று சமாதானம் சொல்ல இங்கே இடமில்லை.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் இன்னொரு வில்லங்கம். முன்பக்கச் சேஸிஸ் சட்டங்களுக்கு மோதலைத் தாங்குவதற்காகக் கூடுதல் அடுக்கு கொடுத்தார்கள். அந்த அடுக்குகளுக்கு நடுவே ஈரம் தங்கிவிடுகிறது. வண்டியைத் தூக்கி, அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினால்தான் அது தெரியும். பளபளவென்று இருக்கும் காரில்கூட இங்கே ஓட்டை விழுந்திருக்கும். இதைச் சரிசெய்வது சில்லைவிடக் கடினம். பல கார்கள் இந்த ஓர் இடத்துக்காகவே காயலான் கடைக்குப் போயிருக்கின்றன.

காருக்கும் ஒரு ஜாதகம் உண்டு

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பிரிட்டனில் பழைய கார் வாங்குபவர்களுக்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனையில் தேற வேண்டும். அதன் பழைய முடிவுகள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பதிவு எண்ணைத் தட்டினால் போதும். விற்பவரைக் கேட்கவே வேண்டாம்.

அதைப் படிப்பதில்தான் சூட்சுமம். கடைசிச் சோதனையில் தேறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. டாக்டரிடம் காட்டும் பழைய ரிப்போர்ட்டுகளைப்போல வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் ‘சில்லில் லேசான துரு’ என்று ஆலோசனைக் குறிப்பு. மறுவருடம் அதே இடத்துக்காகத் தோல்வி, இரண்டே நாளில் தேர்ச்சி. அதற்கடுத்த வருடம், ‘அடிப்பகுதி முழுக்கக் கருப்புப் பூச்சு இருப்பதால் பார்க்க முடியவில்லை’. இந்த மூன்று வரிகள் சொல்லும் கதையை எந்த விற்பனையாளரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். விற்பனைக்குச் சில வாரம் முன்பு பூசிய புதுக் கருப்புப் பூச்சு, பழைய சுவரில் கல்யாணத்துக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி.

சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை பொருத்தப்பட்டிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு வலுவிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் கார் தேறாது. அங்கே பட்டி பூசி மறைப்பது செல்லாது. இரும்பை வைத்து வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

நேரில் பார்க்கப் போகும்போது பெரிய கருவிகள் வேண்டாம். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தம், டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர். சில்லின் ஓரமாகக் காந்தத்தை நகர்த்தினால், பட்டி பூசிய இடத்தில் பிடிக்காது. கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கவோ நொறுங்கும் சத்தம் கேட்கவோ கூடாது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, கூரையின் வடிகால் துளையில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினால், பின் சக்கரத்துக்கு முன்னால் தாராளமாக விழ வேண்டும். விழவில்லையென்றால் அது எங்கே போகிறது என்பது தெரிந்ததுதானே! மழை நாளில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்க்கலாம்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

சில்லுக்கான தகடு விலை அதிகமில்லை. கூலிதான் கொல்லும். சில் என்பது ஒரே தகடு அல்ல. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் பலப்படுத்தும் தகடு என்று அடுக்குகள். வெளித்தகட்டை வெட்டித் திறந்த பிறகுதான் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அதனால், நேர்மையான வெல்டர் யாரும் பார்த்தவுடன் முடிவான தொகையைச் சொல்ல மாட்டார். அரித்ததை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே தகடு ஒட்டித் தருபவர் மலிவாகச் செய்வார். இரண்டு குளிர்காலத்தில் அது மறுபடி உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

1,200 பவுண்டு காருக்கு இரண்டு பக்கமும் வெல்டிங், பெயின்ட், கிழிந்த கூரை, டயர் என்று 2,000 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,200. அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், துரு குறைந்த, ஒழுங்காகப் பராமரித்த காரே கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ‘கொஞ்சம் வெல்டிங் வேலைதான்’ என்பவரிடம் ஒரு கேள்வி போதும்: கொஞ்சம்தான் என்றால் நீங்களே முடித்துவிட்டுக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாமே?

இரண்டு கார்கள் ஒரே விலைக்கு வந்தால், ஒன்றில் இன்ஜின் சோர்ந்து, அடிப்பகுதி சுத்தமாகவும், இன்னொன்றில் இன்ஜின் பாடிக்கொண்டு, சில் அரித்தும் இருந்தால், முதலாவதை எடுப்பதுதான் சரி. பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். உடம்பை அப்படிக் கழற்றி மாட்ட முடியாது.

லண்டனில் வசிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளிலும், புகை விதிக்கு உட்படாத பழைய கார்களை ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பலவும் இதில் மாட்டும். வாங்கும் முன் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சில கார்கள் மலிவாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அப்படியானால், துருப்பிடித்த காரை யாருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். வெல்டிங் தெரிந்தவர், கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர், மழை படாத கொட்டகை வைத்திருப்பவர், வேலைக்குப் போக வேறு வண்டி உள்ளவர்... இவர்களுக்கு அது செலவல்ல, ஒரு வருடத்துப் பொழுதுபோக்கு. அப்பாவும் மகளுமாகச் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு யாரும் கூலி கணக்குப் பார்ப்பதில்லை. உதிரி பாகங்களுக்காக வாங்குபவர்களுக்கும் லாபம் உண்டு. கம்பெனியின் ஒரிஜினல் கெட்டிக் கூரை கூடவே வந்தால் அதற்கே தனிக் கிராக்கி. மாஸ்டாவே 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது என்றால், பழைய காரின் மீதான பாசம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், தினமும் ஆபீஸுக்குப் போக ஒரே வண்டி, சேமிப்பு மொத்தமும் அந்த 1,200 பவுண்டுதான் என்பவர், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அடுத்த வாரமே இன்னொரு சிவப்புக் கார் விளம்பரத்தில் வரும்.

நல்ல சில்லோடு ஒன்று அமைந்து வாங்கிவிட்டால், முதல் குளிர்காலத்துக்கு முன்பே சில்லின் உள்ளே மெழுகுத் திரவம் பீய்ச்சி அடித்துவிட வேண்டும். உப்புச் சாலையில் ஓடிவிட்டு வந்தால் அடிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். இலையுதிர் காலத்தில் மாதம் ஒருமுறை, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு துளைகளையும் வளையும் பிளாஸ்டிக் குழாயால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை.