கொப்பி நனைந்தால் கடை மூழ்கும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கிண்ணியாவில் என் கடைக்குள் கடல் புகுந்தபோது, போனது அரிசி மூடையும் சீனி மூடையும்தான் என்று நினைத்தேன். சேற்றை வாரி வெளியே போட்ட பிறகுதான் உண்மையான நட்டம் விளங்கியது. கடன் கொப்பி இரண்டும் கூழாகிக் கிடந்தன. யார் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை. சிலர் தாமாக வந்து தந்தார்கள். சிலர் எல்லாம் இழந்து நின்றார்கள். அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. சிலர் வரவே இல்லை. ஆனால், எனக்குச் சரக்குத் தந்த கொழும்பு வியாபாரியின் கொப்பி நனையவில்லை. நான் கொடுக்க வேண்டியது சதம் குறையாமல் அதில் இருந்தது.

நமது மாவட்ட வியாபாரிகளுக்கு இது புதிய கதை அல்ல. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கடையைப் பூட்டியும் பூட்டாமலும் கந்தளாய்க்கு ஓடினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தன. ஒவ்வொரு முறையும் நஸீப் என்று சொல்லி எழும்பி நிற்கிறோம். அது நல்லதுதான். ஆனால் நஸீபை நம்பும் நாம் கடைக்குப் பூட்டு வாங்காமல் விடுவதில்லையே! மற்ற ஆபத்துகளுக்கும் அந்தப் பூட்டைத் தேடுவதுதான் இடர் முகாமைத்துவம். பெயர் பெரியது, வேலை சிறியது.

இரண்டு கேள்விகள், நான்கு வழிகள்

ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் தொழிலில் என்னென்ன தவறலாம் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை தரம் வரும்? வந்தால் எவ்வளவு போகும்? எலி மூடையைக் கடிப்பது அடிக்கடி வரும், போவது கொஞ்சம். தீ எப்போதோ வரும், வந்தால் கடையே போகும். நாம் எலிக்குப் பொறி வைக்கிறோம், தீயை மறந்துவிடுகிறோம்.

பிறகு வழி நான்கு. ஒன்று, விலகுவது: ஆபத்தான சரக்கை வைக்காமல் விடுவது. இரண்டு, குறைப்பது. மூன்று, பிறரோடு பகிர்வது: காப்புறுதி இதில் சேரும். நான்கு, சிறியதைத் தாங்கிக்கொள்வது: அதற்கென்று கொஞ்சம் காசை ஒதுக்கி வைப்பது.

ஆளும் வேலையும்

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். இடம் மிச்சம் பிடிக்க ஸ்டோரில் ஐம்பது கிலோ மூடைகளைக் கூரை முட்ட அடுக்கச் சொன்னேன். அடுக்குச் சரிந்து ஒரு நாட்டாமை கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். அவருடைய இடுப்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மூடையைத் தலைக்கு மேல் உயராமல், ஒன்றோடொன்று பிணையும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது வேலையினால் வரும் காயத்துக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்புக்கும் காப்புறுதி எடுக்கலாம்.

அளவுக்கு மேல் ஏற்றுவதும் இப்படித்தான். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்ததை யாரும் மறக்கவில்லை. ஒரு நடையை மிச்சம் பிடிக்க லொறியிலும் படகிலும் கூடுதலாக ஏற்றும்போது அதை நினைக்க வேண்டும்.

சரக்கும் தீயும்

2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. ஆண்டுக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்த சரக்கு அது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஸ்டோரில் அவ்வளவு இல்லை. ஆனால் மண்ணெண்ணெய், பெயின்ட், கேஸ் சிலிண்டர், வெறும் அட்டைப்பெட்டி எல்லாம் ஒரே மூலையில் கிடக்கின்றன. மேலே பழைய வயர் ஓடுகிறது. எரிவதை வேறாக வையுங்கள். டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். தீயணைப்புச் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும். இரவு கடை பூட்டும்போது, தேவையில்லாத கரண்டை நிறுத்துங்கள்.

வெள்ளம் வந்த கடைக்காரர் தண்ணீர் நின்ற அளவைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். விலை கூடிய சரக்கு எப்போதும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

கல்லாப்பெட்டி

ஓடர் கொடுப்பவர், சரக்கை எண்ணி எடுப்பவர், காசு கட்டுபவர் என்று மூன்று வேலையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, மச்சானாக இருந்தாலும் சரி. இது சந்தேகம் அல்ல. அவருக்கும் இது பாதுகாப்பு. கணக்குக் குறைந்தால் பழி ஒருவர் தலையில் விழாது. ஒப்பமிட்ட வெற்றுக் காசோலையை லாச்சியில் வைக்காதீர்கள். வங்கிக்கு ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே வழியால் போக வேண்டாம். கமரா வைத்தவர்கள் அதன் பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் இரண்டையும் சேர்த்தே கொண்டு போவான்.

காப்புறுதி

சாதாரண தீக் காப்புறுதியில் வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் தானாக அடங்கும் என்று நினைக்காதீர்கள். அவற்றைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் நமது சகோதரர்களின் கடைகள் எரிந்தன. கலவரப் பகுதி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தொகையும் முக்கியம். ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை ஐம்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, இருபது இலட்சம் நட்டம் வந்தால், சராசரி நிபந்தனைப்படி கிடைப்பது பத்து இலட்சம்தான். 2022இல் விலைவாசி ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே கட்டி வருபவர்கள் கவனிக்க வேண்டும். வட்டி கலக்கிறது என்று விலகி நிற்பவர்களுக்கு, 1999இல் அமானா தகாபுல் தொடங்கியது முதல் நமது நாட்டில் தகாபுல் வழியும் உண்டு.

கடைசியாகக் கொப்பிக்கு வருகிறேன். கடனை எழுதி வைப்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. எழுதியது ஒரே இடத்தில் இருப்பதுதான் குறை. இன்று இரவு கடை பூட்டுமுன் கடன் கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ தம்பிக்கோ அனுப்புங்கள். கால் மணி நேர வேலை. 2004இல் அதற்கு வசதி இருக்கவில்லை. இன்று இல்லை என்று சொல்ல முடியாது.