களா பறிக்கப் போன பிள்ளைகள்

கோடை விடுமுறை விட்டதும், கிராமங்களை ஒட்டிய அரசு மருத்துவமனைகளுக்குப் பொழுது சாயும் நேரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நிற்பதுண்டு. உள்ளே நான்கைந்து பிள்ளைகள். எல்லோரும் ஒரே தெரு, எல்லோருக்கும் வாந்தி. சட்டையில் களாப்பழக் கறை. என்ன தின்றீர்கள் என்று கேட்டால் “பழம்” என்பார்கள். இன்னும் துருவினால், களாவோடு சேர்த்து வேலியோரம் கிடந்த கொட்டையையும் உடைத்துத் தின்றது வெளியே வரும்.

தின்றது மத்தியானம். மருத்துவமனைக்கு வந்தது சாயங்காலம். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் என்னென்ன வைத்தியம் நடந்தது என்று விசாரிக்கும்போதுதான் மருத்துவர்களுக்குப் பொறுமை போகிறது.

தின்னத் தடையில்லை

களாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையடிவாரக் கரடுகளில் முள்ளுக்குள் கைவிட்டுப் பறிக்கிற களாவும், துரட்டியால் இழுத்து உதிர்க்கிற கொடுக்காப்புளியும் வைட்டமின் சி உள்ளவை. நுங்கு உடம்புக்குத் தண்ணீர் தரும். ஆடிக்கு முன்னும் பின்னும் நாவல் வரும். பாக்கெட் சிப்ஸோடும் கலர் பானத்தோடும் ஒப்பிட்டால் பிள்ளைகள் புதரோரம் திரிவதே மேல். உச்சிவெயில் நேரமான 12 மணி முதல் 3 மணி வரை மட்டும் நிழலில் இருக்க வேண்டும், கையில் தண்ணீர் வேண்டும், பாம்பு கிடக்கும் புதரில் செருப்பில்லாமல் நுழையக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

சிக்கல் களாவில் இல்லை, அதன் பக்கத்துச் செடியில்.

வேலியோரத்து ‘வேர்க்கடலை’

காட்டாமணக்கை ஆடு மாடு கடிக்காது என்பதற்காகவே வேலியில் நடுகிறார்கள். பச்சைக் காய் முற்றிப் பழுப்பாகிக் கறுத்துக் காய்ந்ததும் மூன்றாக வெடிக்கும். உள்ளே கறுப்புக் கொட்டை. அதைத் தட்டினால் வெள்ளைப் பருப்பு. வாயில் போட்டால் ஏறத்தாழ வேர்க்கடலைச் சுவை. கசந்து தொலைந்தாலாவது பிள்ளை துப்பியிருக்கும்!

சில மணி நேரத்துக்குள் தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, விடாத வாந்தி, பேதி. இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். அதற்குச் சீக்கிரம் வர வேண்டும்.

மஞ்சள் அரளி இதைவிட மோசம். அதன் விஷம் இதயத்துடிப்பைக் குலைக்கும். வாந்தி நின்று, பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு சட்டென்று இறங்கிவிடலாம். “நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று சண்டை பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியும் விஷம்தான். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. அதன் விளைவு தெரிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

“குயில் தின்கிறதே!”

பறவை தின்னும் பழத்தை மனிதன் தின்னலாம் என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் தின்று பறந்துபோகும். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதே காயின் பருப்பு மனித இதயத்தை நிறுத்திவிடும். குயிலைப் பார்த்து உணவு முடிவு செய்ய முடியாது.

“அணில் கடித்த பழம் இனிக்கும்” என்பது இன்னொன்று. கடித்தது அணில்தான் என்று யார் பார்த்தது? கோழிக்கோட்டில் 2018 மே மாதம் நிபா வைரஸ் பரவியபோது கேரளம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: பல் பட்ட பழத்தைத் தொடாதீர்கள். பழந்தின்னி வௌவால்களே அந்த வைரஸின் இருப்பிடம். கொய்யாவோ மாம்பழமோ, கடிபட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம்.

மலைப்பகுதிகளில் உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பது வழக்கம். பச்சைக்காய் அப்படியல்ல, நஞ்சுள்ளது. அவசரக்காரப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே உருவுகிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நாவல் கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்திவிட்டு, ரத்தச் சர்க்கரை எகிறிய பிறகு வருபவர்கள் படிக்காதவர்கள் மட்டுமல்ல. நாவல் பழம் பழமாக நல்லது, மாத்திரைக்கு மாற்றாக அல்ல. அதேபோல் மலைவாசத்தலங்களில் வெட்டி மிளகாய்த்தூள் தூவி விற்கும் ஸ்டார் ஃப்ரூட்டைச் சிறுநீரகம் பழுதானவர்கள் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

உப்புத்தண்ணீர், சாணிக்கரைசல், மெடிக்கல் ஷாப்

விஷக்கொட்டை தின்ற பிள்ளையின் வாயில் உப்புக்கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறார்கள். உப்பு ரத்தத்தில் ஏறினால் அதுவே மூளையைத் தாக்கும். சாணிக்கரைசல் புகட்டுவது இன்றும் ஒழிந்தபாடில்லை. அது வயிற்றுக்குப் போவதற்குப் பதில் நுரையீரலுக்குள் போனால் கொட்டையின் விஷத்தோடு நிமோனியாவும் சேரும். விரலை விட்டுக் குமட்டச் செய்வது, புளித்தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். அரை மயக்கத்தில் உள்ள பிள்ளைக்குப் பச்சைத்தண்ணீர்கூட வேண்டாம்.

“வாந்தியிலேயே எல்லாம் வந்திடுச்சு” என்று நிம்மதி அடைவதும் தப்பு. எவ்வளவு உள்ளே தங்கியது என்று வாந்தியைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

பிறகு மெடிக்கல் ஷாப். பேதியை நிறுத்த லோபரமைடு மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். குடல் அசைவு நின்று வயிறு உப்பிக்கொள்ளும், பேதி நின்றதாக வீடு தூங்கிவிடும், நீர்ச்சத்து இழந்த குழந்தை துவண்டுகொண்டே போகும். சீட்டில்லாமல் மாத்திரை கேட்பவரையும் தருபவரையும் என்ன சொல்லித் திருத்துவது!

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுப்பார்கள். ஒரு நாளாவது கண்காணிப்பில் வைப்பார்கள்.

பட்டினியாகப் படுக்க விடாதீர்கள்

பீகாரின் முஸாஃபர்பூரில் 2014 கோடையில் 390 பேர், பெரும்பாலும் சிறு குழந்தைகள், வலிப்போடும் மயக்கத்தோடும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 122 பேர் இறந்தனர். வைரஸா பூச்சிமருந்தா என்று பல ஆண்டு குழம்பிய பிறகு பிடிபட்டது: பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். பட்டினியில் உடம்பு தானே சர்க்கரை உண்டாக்கிக்கொள்வதை லிச்சியில் உள்ள ஒரு வேதிப்பொருள் தடுத்துவிடுகிறது. விடியற்காலை ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும்.

நம் ஊரில் கால் கிலோ வாங்கித் தின்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழத்தால் வயிறு நிரம்பிய பிள்ளை “பசிக்கல” என்று படுத்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பழம் தின்றிருந்தாலும் இரண்டு வாய் மோர்சாதமோ ஒரு கிண்ணம் கம்மங்கூழோ உள்ளே போகட்டும்.

தயவுசெய்து

பெற்றோர்களே, ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளோடு நடந்து போங்கள். இது களா, இது காட்டாமணக்கு, இது அரளி என்று செடியைத் தொட்டுக் காட்டுங்கள். போகாதே என்று அதட்டினால் சொல்லாமல் போவார்கள்; தின்றதையும் மறைப்பார்கள். அடிக்கு அஞ்சி வாய் திறக்காத பிள்ளைக்கு வைத்தியம் செய்வதைப் போல் கஷ்டம் வேறில்லை.

தலைமையாசிரியர்களே, ஊராட்சித் தலைவர்களே, பள்ளி வளாகத்திலும் அங்கன்வாடி வேலியிலும் காட்டாமணக்கு இருந்தால் விடுமுறைக்குள் பிடுங்கிவிடுங்கள்.

தின்றது தெரிந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். தில்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசும். கிளம்பும்போது மீதிக் கொட்டையையும் அந்தச் செடியின் ஒரு கொப்பையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கூடத் தின்ற மற்ற பிள்ளைகளையும், வாந்தி வராவிட்டாலும், அதே வண்டியில் ஏற்றி வாருங்கள்.