கால்வாசிப் புள்ளியில் முழுப் படம்!

விளையாட்டு புதிது. கம்ப்யூட்டர் பழையது. இரண்டுக்கும் ஒத்துப் போகவில்லை.

திரையில் குதிரை வீரன் வருகிறான். வருகிறான் என்றா சொல்வது? நின்று நின்று நகர்கிறான். குதிரை தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் எதிரி சுட்டு விடுகிறான்!

"புது கிராபிக்ஸ் கார்டு வாங்கணும், அப்பா" என்கிறான் பையன்.

கார்டின் விலையைக் கேட்டதும் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். கடைக்குப் புறப்படும் முன் அந்த விளையாட்டின் உள்ளேயே ஓர் இடத்தைத் திறந்து பாருங்கள். "செட்டிங்ஸ்" என்ற பகுதியில், "கிராபிக்ஸ்" என்ற தலைப்பின் கீழ், "அப்ஸ்கேலிங்" என்று ஒன்று இருக்கும். சிறிய படத்தைப் பெரிய படமாக்கும் வித்தை அது. அதைச் சரியாக வைத்தால் பழைய கார்டு இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். தப்பாக வைத்தாலோ, நல்ல படமும் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஆகிவிடும்.

12 கோடிப் புள்ளிகள்

கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளி வைப்பார்கள் அல்லவா? கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படமோ முழுக்க முழுக்கப் புள்ளிதான். சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600!

ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போடுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. போட்டு முடித்ததும் அடுத்த படம். அதை முடித்ததும் அதற்கு அடுத்தது. ஆட்டம் வழுக்கிக் கொண்டு ஓட வேண்டுமானால் வினாடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியானால் ஒரு வினாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்குக் கணக்கு!

வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, குளத்து நீரில் எந்த மரம் தெரிகிறது என்று அத்தனையும் அந்தக் கணக்கில் அடக்கம். "4 கே" என்கிற பெரிய திரையாக இருந்தால் புள்ளிகள் இன்னும் 4 மடங்கு. பழைய கார்டு மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

அதற்குத்தான் இந்த வித்தை. கார்டு குறைந்த புள்ளிகளில் சிறிய படம் போடுகிறது. மீதிப் புள்ளிகளை வேறொரு கணக்கு நிரப்பி, திரை அளவுக்குப் பெரிதாக்கி விடுகிறது.

"அட, ஸ்டாம்ப் சைஸ் போட்டோவைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் மங்கிப் போகாதா?"

நியாயமான கேள்வி. வெறுமனே இழுத்துப் பெரிதாக்கினால் மங்கத்தான் செய்யும். இப்போதைய வித்தை அப்படி இல்லை.

தூரத்தில் ஒரு கம்பி வேலி இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்பி மிக மெல்லியது. சிறிய படத்தில் அதன் பாதிதான் அகப்படுகிறது. அடுத்த படம் போடும்போது, விளையாட்டில் உள்ள கேமராவை ஒரு புள்ளி அளவுக்கும் குறைவாக நகர்த்துகிறார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் முன்பு விட்டுப் போன கம்பி இப்போது அகப்பட்டு விடும்! இப்படி முந்தைய படங்களில் அகப்பட்டதை எல்லாம் சேர்த்து வைத்து இந்தப் படத்தில் பொருத்துகிறார்கள். எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற விவரத்தையும் விளையாட்டே சொல்லி விடுகிறது. அதனால் ஓடுகிற குதிரையும் இடம் மாறாமல் பொருந்துகிறது.

பலே வேலைதான். ஆனால் ஒன்று. திரட்டியது போதாத இடத்தில் கணக்கு ஊகம் செய்கிறது. ஊகம் சில சமயம் தப்பும். தப்பினால் பறக்கும் பறவைக்குப் பின்னால் வால் போல ஒரு நிழல் இழுக்கும். வேலிக் கம்பி மினுமினுக்கும். தலைமுடி பொரிந்து தெரியும்.

போட்டிக் கம்பெனி செய்த உதவி

இந்த வித்தையைப் பெரிய அளவில் கொண்டு வந்தது அமெரிக்காவின் என்விடியா கம்பெனி. 2018-ம் ஆண்டு "ஆர்.டி.எக்ஸ்." என்ற புது வகைக் கார்டுகளுடன் வெளியிட்டது. பெயர் டி.எல்.எஸ்.எஸ். தொடக்கத்தில் பெயர் கெட்டுப் போனது. 2019-ல் "பேட்டில்பீல்டு 5" என்ற போர் விளையாட்டில் அதைப் போட்டவர்கள், "படம் மங்கல்!" என்று குறை சொன்னார்கள். 2020 மார்ச்சில் இரண்டாவது பதிப்பு வந்த பிறகே பேச்சு மாறியது.

ஆனால் அது புதுக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பழைய கார்டுக்காரர்கள் கதி?

அப்போது உலகத்தில் ஏராளமான வீடுகளில் இருந்தது ஜி.டி.எக்ஸ். 1060. 2016-ல் 249 டாலர் விலையில் வந்த கார்டு. அதுவும் என்விடியா செய்ததுதான். இருந்தும் அதற்கு டி.எல்.எஸ்.எஸ். கிடையாது. புதிதாக வாங்கலாம் என்றாலோ, 2021-ல் சில்லுத் தட்டுப்பாடு! கொரோனா ஒரு பக்கம். கம்ப்யூட்டர் நாணயம் எடுக்கிறவர்கள் கார்டுகளை அள்ளிக் கொண்டு போனது இன்னொரு பக்கம். கார்டு கிடைத்தாலும் விலை தாறுமாறு.

அந்த நேரத்தில் என்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. 2021 ஜூன் 22-ந் தேதி எப்.எஸ்.ஆர். என்ற தன் வித்தையை வெளியிட்டது. அது தன் கார்டில் மட்டும் அல்ல, எதிரியின் பழைய கார்டிலும் ஓடியது! அந்த 1060 கார்டிலேயே ஓட்டிக் காட்டியது. அடுத்த மாதம் அதன் செய்முறையையும் எல்லோருக்கும் திறந்து விட்டது.

அந்த முதல் எப்.எஸ்.ஆரில் மேலே சொன்ன பழைய படங்களைச் சேர்க்கும் நுட்பம் இல்லை. கையில் உள்ள ஒரே படத்தின் ஓரங்களைக் கண்டுபிடித்துக் கூர்மையாக்கும், அவ்வளவுதான். 2022 மே மாதம் வந்த இரண்டாவது பதிப்பில்தான் அந்த நுட்பம் சேர்ந்தது. தயாளம் என்றைக்கும் ஒரே அளவில் இருக்குமா? 2025-ல் வந்த நான்காவது பதிப்பை ஏ.எம்.டி. தன் புதுக் கார்டுகளுக்காகவே வெளியிட்டது.

மூன்றாவதாக இன்டெல் கம்பெனியும் எக்ஸ்.இ.எஸ்.எஸ். என்று ஒன்றை 2022-ல் கொண்டு வந்தது. அதுவும் பிற கம்பெனிக் கார்டுகளில் ஓடும்.

எதைத் திருக வேண்டும்?

இப்போது செட்டிங்சுக்கு வருவோம்.

முதலில் தொடக் கூடாத ஒன்றைச் சொல்லி விடுகிறேன். "ரெசல்யூஷன்" என்று இருப்பதைக் குறைக்காதீர்கள். அது திரையின் முழு அளவிலேயே இருக்கட்டும். அதைக் குறைத்தால் வசன எழுத்து, வரைபடம், எண்கள் எல்லாமே மங்கிப் போகும். அப்ஸ்கேலிங்கில் அந்தத் தொல்லை இல்லை. காட்சியை மட்டும் சிறிதாகப் போட்டுப் பெரிதாக்குவார்கள். எழுத்தை அதன் மேல் முழு அளவில் எழுதுவார்கள்.

அப்ஸ்கேலிங்கைத் திறந்தால் "குவாலிட்டி", "பேலன்ஸ்டு", "பெர்பார்மன்ஸ்", "அல்ட்ரா பெர்பார்மன்ஸ்" என்று படிகள் இருக்கும். கீழே இறங்க இறங்க வேகம் கூடும், படம் குறையும். எவ்வளவு குறையும்? சாதாரண 1080 திரையில் "குவாலிட்டி" வைத்தால் கார்டு போடுவது 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளிகள். பாதிக்கும் குறைவு. "பெர்பார்மன்ஸ்" வைத்தால் 5 லட்சத்து 18 ஆயிரத்து 400. சரியாகக் கால்வாசி! கடைசிப் படியில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய 4 கே டெலிவிஷனில் "பெர்பார்மன்ஸ்" அழகாக இருப்பதை ஒரு நண்பர் வீட்டில் பார்ப்பார்கள். தங்கள் சின்னத் திரையிலும் அதையே வைப்பார்கள். படம் குழம்பும். காரணம் எளிது. 4 கே திரையில் கால்வாசி என்பதே 20 லட்சம் புள்ளி. ஊகம் செய்யக் கைநிறையச் சரக்கு இருக்கிறது. சின்னத் திரையில் கால்வாசி என்பது 5 லட்சம்தானே? ஆகவே 1080 திரைக்காரர்கள் "குவாலிட்டி"யோடு நின்று கொள்வது நல்லது.

பெயரை மட்டும் நம்பியும் ஒப்பிடக் கூடாது. 2024-ல் இன்டெல் தன் படிகளின் அளவை மாற்றியது. அதன் "குவாலிட்டி"யும் மற்றவர்களின் "குவாலிட்டி"யும் இப்போது ஒரே அளவு அல்ல.

ஆர்.டி.எக்ஸ். கார்டு இருந்தால் டி.எல்.எஸ்.எஸ்.ஸை முதலில் பாருங்கள். இல்லாதவர்கள் மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பக்கத்தில் "ஷார்ப்னஸ்" என்று ஒரு கோல் இருக்கும். மங்கலைப் போக்கலாம் என்று அதை முழுக்க இழுத்து விடாதீர்கள். பொருளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது போல ஆகும். போட்டோ ஸ்டுடியோவில் அதிகமாக "டச்" செய்த முகம் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி!

நின்று பார்த்தால் தெரியாது

சோதிக்கும் முறை ஒன்று உண்டு. விளையாட்டுக்குள் கம்பி வேலியோ, மின்சாரக் கம்பியோ, இலை அடர்ந்த மரமோ உள்ள இடத்துக்குப் போங்கள். நின்று பார்க்காதீர்கள். நின்றால் எல்லாப் படியும் அழகாகத்தான் இருக்கும். திரட்டுவதற்கு நேரம் கிடைத்து விடுகிறது அல்லவா? நடங்கள். கேமராவைத் திருப்புங்கள். அப்போது மினுமினுப்பும் நிழலும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா? உறுத்தினால் ஒரு படி மேலே போங்கள். உறுத்தவில்லையா? அதோடு விட்டு விடுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்தில் இருந்தே பார்க்க வேண்டும். திரையில் மூக்கை வைத்துக் கொண்டு பார்த்தால் குறை தெரியாத படமே கிடையாது.

வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். "ஸ்டீம்" செட்டிங்சிலேயே வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் உண்டு. "பெர்பார்மன்ஸ்" வரை இறக்கியும் எண் ஏறவில்லையா? குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு அல்ல. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர். அந்த நிலையில் புதுக் கார்டு வாங்கியும் பெரிய பயன் இராது. இதைக் கடையில் யாரும் முன்வந்து சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"பிரேம் ஜெனரேஷன்" என்று பக்கத்தில் இருப்பது வேறு சமாச்சாரம். அது புள்ளியை அல்ல, முழுப் படத்தையே இடையில் செருகும். எண் சட்டென்று ஏறும். ஆனால் விசையை அழுத்திய கை முன்னே போகும். வீரன் பின்னே வருவான். ஏற்கனவே 60-ஐ ஒட்டி ஓடும் ஆட்டத்துக்கு அது சரி. 25-ல் தள்ளாடும் ஆட்டத்துக்கு வேண்டாம்.

சிறிய எழுத்தில்...

இவ்வளவு விவரம் எதற்கு? பழைய கார்டைக் காப்பாற்ற வந்த வித்தையை, இப்போது விளையாட்டுச் செய்கிறவர்களே முதலிலேயே கணக்கில் எடுத்துக் கொள்கிறார்கள்.

2023-ல் வந்தது "ரெம்னன்ட் 2". அப்ஸ்கேலிங்கை மனதில் வைத்தே அதைச் செய்ததாக அதன் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். 2025-ல் வந்த "மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்" விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் என்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. 1080 படம், வினாடிக்கு 30 என்று அதில் இருக்கும். கூடவே, 720-ல் இருந்து பெரிதாக்கியது என்றும் இருக்கும்! அதற்கு மேலான கம்ப்யூட்டருக்குச் சொன்ன 60 என்ற எண்ணும், "பிரேம் ஜெனரேஷன்" போட்ட பிறகு கிடைக்கும் எண்தான்.

அதாவது, வித்தையைக் கழித்து விட்டால் அந்த எண்கள் இல்லை. "நம் கார்டுக்கு இது ஓடுமாம், அப்ஸ்கேலிங் போட்டால் இன்னும் வேகமாக ஓடும்" என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். போட வேண்டியதை ஏற்கனவே போட்டுத்தான் கணக்குச் சொல்லி இருக்கிறார்கள்.

ஆகவே வாங்கும் முன் பட்டியலில் "அப்ஸ்கேல்டு", "பிரேம் ஜெனரேஷன்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் படியுங்கள். ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வாங்கி 14 நாளைக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கம்பி வேலி தேடிப் பிடித்துச் சோதிக்க அந்த 2 மணி நேரம் தாராளம்.