"ஆட்டமிழந்தார்": விளையாட்டுச் சொற்கள் நமக்குச் சொல்லும் பாடம்



ஒரு ஞாயிறு மாலை. திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரின் திடலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டின் இறுதிப்போட்டி நடந்து கொண்டிருந்தது. கடைசி ஓவர். உயரே எழும்பி வந்த பந்து, எல்லைக் கோட்டருகே நின்றிருந்த பதினாறு வயதுச் சிறுவனின் கைகளில் விழுந்து நழுவியது. கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிற்று. அன்றிரவே அந்த ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய படத்தைப் போட்டு, அதன்கீழ் நாளேட்டுத் தலைப்பைப் போல எழுதிவிட்டார்கள்: "தோல்விக்கு வித்திட்ட துரோகி". எழுதியவர்கள் வேற்றூர்க்காரர்கள் அல்லர். அவனோடு ஒரே வகுப்பில் படிப்பவர்கள்.

அதன்பின் ஆறு வாரங்கள் அவன் திடலுக்கு வரவில்லை. அவனைப் பார்க்க வீட்டிற்குப் போனபோது, வாசலில் அமர்ந்திருந்த அவனுடைய பாட்டி என்னிடம் கேட்டார்: "பந்தைத்தானே சாமி விட்டான், கொலையா செஞ்சுட்டான்?"

இக்கேள்வி என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. 'துரோகி' என்ற சொல் விளையாட்டுக்குள் எப்படி வந்தது? நம் விளையாட்டுகளுக்கு உரிய சொற்கள் எவை? அவை தோல்வியை எப்படிப் பார்க்கின்றன? சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மண்ணில் பிறந்த சொற்கள்

நம் ஊர்ச் சிறுவர் விளையாட்டுகளுக்கென்று ஒரு தனி அகராதியே உண்டு. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலில் இவ்விளையாட்டுகளின் பெயர்களையும் ஆடும் முறைகளையும் திரட்டித் தந்திருக்கிறார். இந்நூல் 1954-இல் வெளிவந்தது. ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் இச்சொற்களில் பல நினைவிருக்கும். அணியின் தலைவருக்கோ, தொட்டுவிட்டால் பாதுகாப்பு என்று கருதப்படும் இடத்திற்கோ 'தாய்ச்சி' என்று பெயர். ஊருக்கு ஊர் பொருள் சற்று மாறும். ஏமாற்றி ஆடினால் அது 'அழுகுணி ஆட்டம்'.

அணி பிரிப்பதற்கு 'உத்தி பிரித்தல்' என்று பெயர். ஏறக்குறைய சம திறமையுள்ள இருவர் இணையாகத் தள்ளிச் சென்று, தமக்குள் இரண்டு புனைபெயர்களை வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். 'ரோசாப்பூ வேண்டுமா, மல்லிகைப்பூ வேண்டுமா?' என்பதுபோலத் தலைவர்களிடம் கேட்பார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அப்பெயருக்குரியவர் அந்த அணிக்குப் போவார். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. ஆகவே, எல்லாரும் எடுக்கப்பட்டபின் யாருக்கும் வேண்டாதவனாக ஒரு பிள்ளை தனியே நிற்கும் அவமானமும் இல்லை.

'ஒப்புக்குச் சப்பாணி' என்றொரு சொல்லும் உண்டு. விளையாடத் தெரியாத சின்னஞ்சிறு தம்பியையோ தங்கையையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. உடற்குறையைக் குறிக்கும் இச்சொல் இன்று நாம் பயன்படுத்தத் தகாதது. ஆயினும் அதன் பின்னாலிருந்த வழக்கம் அருமையானது. அழுதுகொண்டு ஓரமாக நிற்கும் பிள்ளைக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு என்பதே அந்த வழக்கம்.

இனி சடுகுடுவுக்கு வருவோம். எதிரணிக் களத்திற்குள் நுழைபவரை இன்று 'ரெய்டர்' என்கிறோம். பழைய வழக்கிலோ அவர் 'பாடிப் போகிறவர்'. மூச்சு விடாமல் அவர் சொல்லிச் செல்வது 'பாட்டு'. தொடப்பட்டவர் வெளியே போய் அமர்வார். பின் அவருடைய அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் மீண்டும் களத்திற்கு வருவார். எங்கள் சிறுவயதில் அதை 'உயிர் வந்துவிட்டது' என்போம். இந்த ஆட்டமுறைக்கே 'சஞ்சீவனி' என்று பெயர். இன்றைய கபடி விதிகளும் இதையே பின்பற்றுகின்றன. எழுவரும் வெளியேறிவிட்டால் எதிரணிக்கு 'லோனா' என்று கூடுதலாக 2 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் வெளியேறிய எழுவரும் உடனே களத்திற்குத் திரும்புவார்கள். விளையாட்டில் 'சாவு' என்று ஒன்று இருந்தாலும் அது முடிவல்ல என்பதை ஆட்ட விதியே சொல்லிவிடுகிறது.

நம் மாவட்டத்திற்கு மிக நெருக்கமான ஜல்லிக்கட்டையும் எண்ணிப் பாருங்கள். கொசவபட்டி, புகையிலைப்பட்டி, நத்தம் பகுதிகளில் தை மாதம் தொடங்கினாலே 'வாடிவாசல்', 'திமில்', 'மாடுபிடி வீரர்' ஆகிய சொற்கள் எல்லார் வாயிலும் வந்துவிடும். செய்திகளில் 'காளையை அடக்கினார்' என்று படிக்கிறோம். ஆனால் சங்க இலக்கியமான கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் இந்த விளையாட்டை நாம் 'ஏறுதழுவல்' என்றே அறிந்திருக்கிறோம். தழுவுதல் என்றால் அணைத்தல். வீரர் திமிலை அணைத்தபடி குறித்த தூரம் அல்லது குறித்த துள்ளல்கள் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்; அவ்வளவே. அவரை உதறிவிட்டுக் காளை ஓடிவிட்டால், 'மாடு வெற்றி பெற்றது' என்று ஒலிபெருக்கியில் அறிவித்து அதன் உரிமையாளருக்குப் பரிசு கொடுக்கிறார்கள். எதிரே நிற்பதன் வெற்றியையும் கொண்டாடத் தெரிந்த விளையாட்டு இது.

வானொலியும் நாளேடும் தந்த சொற்கள்

கிரிக்கெட் நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் வேலையை நாளேடுகளும் வானொலியும் செய்தன. 1980-களில் சென்னை வானொலி தமிழில் நேர்முக வர்ணனை வழங்கியபோது, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரலை நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கூட்டமாக நின்று கேட்டோம். ஆட்டத்தைக் கண்ணால் காணாத மக்களுக்குச் சொல்லாலேயே களத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே சொல் தெளிவாகவும் அளவாகவும் இருந்தது.

ஈழத்தமிழர்கள் இதில் நம்மைவிட ஒரு படி முன்னே சென்றார்கள். 1930 முதல் வெளிவரும் 'வீரகேசரி' போன்ற இலங்கை நாளேடுகளைப் புரட்டினால், கிரிக்கெட் அங்கே 'துடுப்பாட்டம்'. டாஸ் 'நாணயச் சுழற்சி', ரன் 'ஓட்டம்', பீல்டிங் 'களத்தடுப்பு', பார்ட்னர்ஷிப் 'இணைப்பாட்டம்'. நாம் கால்பந்து என்பதை அவர்கள் உதைபந்தாட்டம் என்கிறார்கள். தமிழகத்திலும் 'சுழற்பந்து', 'வேகப்பந்து', 'சதம்', 'ஆட்டநாயகன்' ஆகியவை பாமரரும் அறிந்த சொற்களாகிவிட்டன. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அமைப்பு, 'பேட்ஸ்மேன்' என்ற ஆண்பாற்சொல்லை நீக்கி 'பேட்டர்' என்ற பொதுச்சொல்லை ஏற்றது 2021-இல்தான். நம்முடைய 'மட்டையாளர்', 'பந்துவீச்சாளர்' ஆகியவை தொடக்கம் முதலே இருபாலருக்கும் பொதுவானவை.

இச்சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆட்டமிழந்தார்' என்பது. 'அவுட்' என்றால் வெளியே என்று பொருள். ஆட்டமிழந்தார் என்றாலோ, அவர் இழந்தது அந்த ஆட்டத்தை மட்டுமே. மானத்தை இழக்கவில்லை, நண்பர்களை இழக்கவில்லை, அடுத்த ஆட்டத்தையும் இழக்கவில்லை. தோல்வியை அதன் சரியான அளவிலேயே சொல்லி நிறுத்திக்கொள்ளும் சொல் இது.

தலைப்புகளில் போர்க்களம்

ஆனால் செய்தித் தலைப்பின் தேவை வேறு. இடம் குறைவு, வாசகரின் கண்ணை இழுக்க வேண்டும். இப்போது முடிவு முந்தைய இரவே கைப்பேசியில் தெரிந்துவிடுவதால், காலையில் வரும் தலைப்புக்குக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. ஆகவே 'வென்றது' என்ற சொல் போதவில்லை. 'வீழ்த்தியது', 'சாய்த்தது', 'பந்தாடியது', 'துவம்சம் செய்தது', 'பழிதீர்த்தது' என்று சொற்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

இவை எல்லாமே தவறு என்று சொல்ல மாட்டேன். குறைந்த ஓட்டங்களில் அனைவரும் ஆட்டமிழந்தால் 'சுருண்டது' என்பதும், நெருங்கி வந்து தோற்றால் 'போராடித் தோற்றது' என்பதும் ஆட்டத்தின் தன்மையை ஒரே சொல்லில் உணர்த்துகின்றன. 2025 ஜூலை 6 அன்று நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த டி.என்.பி.எல். இறுதிப்போட்டியில், முந்தைய ஆண்டின் வாகையரான திண்டுக்கல் டிராகன்ஸ், திருப்பூர் தமிழன்ஸ் அணியிடம் 118 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. 'திண்டுக்கல் வீழ்ந்தது' என்று அதைச் சொல்லலாம்தான். ஆனால் மறுநாள் காலையில் நம் பூச்சந்தை வழக்கம்போல் கூடியது. பிரியாணிக் கடைகளில் அடுப்பு எரிந்தது. ஊர் ஒன்றும் வீழவில்லை என்பது பெரியவர்களாகிய நமக்குத் தெரியும்.

ஆபத்து எங்கே என்றால், போர்ச்சொல் அணியை விட்டு ஓர் ஆளின்மேல் விழும்போதுதான். அமெரிக்காவில் 1994-இல் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்தில், கொலம்பிய வீரர் ஆந்திரே எஸ்கோபார் தவறுதலாகத் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். நாம் 'சேம்சைடு கோல்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அதுதான். நாடு திரும்பிய சில நாள்களில், ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு. 2022 செப்டம்பர் 4 அன்று துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பை ஆட்டத்தில், இளம் வீரர் அர்ஷ்தீப் சிங் ஓர் எளிய பிடியைத் தவறவிட்டார். இந்தியா தோற்றது. உடனே சமூக வலைத்தளங்களில் அவரைத் தேசத்துரோகி என்றும் பிரிவினைவாதி என்றும் தூற்றினார்கள். விராட் கோலி உள்ளிட்ட சக வீரர்கள் அவருக்குத் துணையாக நின்றார்கள். 2024 இருபது ஓவர் உலகக்கோப்பையை இந்தியா வென்றபோது, அந்தத் தொடரில் அதிக விக்கெட் எடுத்த இருவரில் ஒருவர் அதே அர்ஷ்தீப். எடுத்தது 17 விக்கெட்டுகள். அன்று அவரைத் தூற்றிய சொற்களை நம்பி அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

புனித பவுல் எடுத்த சொற்கள்

கொரிந்து நகரின் அருகே இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அந்நகரத்தாருக்கு எழுதும்போது பவுல் அடிகளார் பந்தயத் திடல், ஓட்டம், பயிற்சி, வாகை ஆகிய திடலின் சொற்களையே எடுத்தாள்கிறார். அங்கே வென்றவருக்குக் கிடைத்தது வாடிப்போகும் இலைமாலை. அதை மறக்காமல் சுட்டிக்காட்டுகிறார் அவர். திடலின் வெற்றிக்கு உரிய அளவு எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் செய்யக்கூடியவை

விளையாட்டுச் செய்தியைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். தலைப்பைப் படித்தபின் ஸ்கோர் பட்டியலையும் படிக்கச் சொல்லுங்கள். 'துவம்சம்' என்ற தலைப்பின்கீழ் இருப்பது வெறும் ஐந்து ஓட்ட வித்தியாசம் என்று அவர்களே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ஊர்ப் போட்டிகளில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர்கள், எதிரணியின் நல்ல ஆட்டத்தையும் பெயர் சொல்லிப் பாராட்டட்டும். ஒருவர் பந்தைத் தவறவிட்டால் 'தவறவிட்டார்' என்று மட்டும் சொல்லட்டும். தாய்ச்சி, உத்தி போன்ற சொற்களைப் பாட்டி தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லோடு ஆட்டமும், ஆட்டத்தோடு பண்பும் வரும்.

நான் சொன்ன சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனைக் கேலி செய்த நண்பர்களில் இருவர் தாங்களாகவே அவன் வீட்டிற்குப் போய் அழைத்தார்கள். ஏழாவது வாரம் திடலுக்கு வந்தான். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். மறு வாரம் களத்தில் இறங்கினான். அன்று அவன் நான்கு ஓட்டங்களே எடுத்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லி, 'ஆட்டமிழந்தார்' என்றார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மட்டையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.